ஒன்னே ஒன்னுதானே

2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இரண்டு பேர் அமெரிக்காவுக்குப் பாம்பு பிடிக்கப் போனார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோதுதான் நம்மில் பலர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டோம். ஃப்ளோரிடாக்காரர்களுக்கு அதற்கு ஆறு வருடம் முன்பே அவர்களைத் தெரியும். ஃப்ளோரிடா பல்கலைக்கழக உயிரியலாளர் ஃப்ராங்க் மஸ்ஸோட்டியின் குழுவோடு வேலை பார்க்கப் போனவர்கள், முதல் வாரம் சொச்சத்திலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். கீ லார்கோ தீவில் ஒரு பழைய ஏவுகணைத் தளம் இருக்கிறது. அதற்குள் பதுங்கிக் கிடந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று.

இந்த 13 எவ்வளவு பெரிய எண் என்று புரிய இன்னொரு எண்ணைச் சொல்ல வேண்டும். 2013இல் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்பு பிடிக்கப் போட்டி வைத்தார்கள். சுமார் 1,600 பேர் பெயர் கொடுத்தார்கள். ஒரு மாதம் தேடினார்கள். கிடைத்தது 68.

நம்ம ஊர்ச் செய்திகளில் இது பெருமையாக வந்தது. பெருமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறொன்றுதான் குடைந்துகொண்டிருந்தது. பர்மிய மலைப்பாம்பு வடகிழக்கு இந்தியா, மியான்மர், தாய்லாந்து, தென் சீனா என்று இந்தப் பக்கத்தில் வாழ்கிற உயிர். பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃப்ளோரிடாவுக்கு நீந்திப் போயிருக்க முடியாது. யார் கொண்டுபோனார்கள், சரி, வியாபாரிகள். எத்தனை பேர் கொண்டுபோய் விட்டால் ஒரு காட்டுக்குள் ஒரு பாம்பினம் 'குடியேறிவிட்டது' என்று சொல்கிற நிலை வரும்? இந்தக் கேள்வி எனக்குப் பின்னாளில் சொந்தப் பிரச்சினையாகவே வந்து சேர்ந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. எவர்கிளேட்ஸ் என்பது ஃப்ளோரிடாவின் தென்கோடியில் இருக்கிற பிரம்மாண்டமான சதுப்பு நிலம். நம்ம வேடந்தாங்கலையோ பள்ளிக்கரணையையோ மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கணக்கு தப்பிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் உயரப் புல், அதன் அடியில் கணுக்கால் அளவிலிருந்து இடுப்பளவு வரை மெதுவாகத் தெற்கே நகர்கிற தண்ணீர், நடுநடுவே மரத்திட்டுகள். சாலைகள் மிகக் குறைவு. மனிதன் பாம்பைப் பார்க்கிற இடம் பெரும்பாலும் சாலையும் கால்வாய்க் கரையும்தான். மீதி இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளே இல்லை. வெயில் உண்டு, மழை உண்டு, ஒளியப் புல் உண்டு, இரை உண்டு. பர்மாவில் பிறந்த ஒரு பாம்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பாம்பு அமெரிக்க வீடுகளுக்குள் வந்த கதை எளிமையானது. 1996இலிருந்து 2006 வரை மட்டும் 90,000க்கும் மேற்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாயின. முட்டையிலிருந்து வந்த குட்டி இரண்டடி இருக்கும். பார்க்கப் பளபளவென்று, கையில் சுற்றிக்கொண்டு, சாதுவாக. 2001 எம்டிவி விருது விழாவில் பிரிட்னி ஸ்பியர்ஸ் தோளில் மஞ்சளாக ஒன்று கிடந்ததே, அதுவும் இதே இனம்தான், நிறமி இல்லாத வகை. குட்டி ஒரே வருடத்தில் ஆறடியைத் தாண்டலாம். அப்புறம் எலி போதாது, முயல் வேண்டும். கண்ணாடிப் பெட்டி போதாது, அறை வேண்டும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டான். மிருகக்காட்சிசாலைக்காரன் சிரிப்பான். கொல்ல மனசு வராது.

மயாமியிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் எவர்கிளேட்ஸ்.

இந்தக் கடைசி அரை மணி நேரத்தைத்தான் நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பேன். இரவாக இருக்கும். பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அல்லது தலையணை உறை. ஓட்டுகிறவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வீட்டிலேயே கதையை முடித்திருப்பான். இவன் பாவம் பார்த்தவன். கரையோரம் வண்டியை நிறுத்தி, உறையின் முடிச்சை அவிழ்த்து, அது புல்லுக்குள் இழைந்து போவதைப் பார்த்துவிட்டு, அதற்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பான்.

ஃப்ளோரிடாவில் இதற்கு வேறொரு கதை சொல்வார்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்ற புயல் அடித்தது. பாம்புப் பண்ணை ஒன்று நொறுங்கியது, உள்ளே இருந்ததெல்லாம் சதுப்புக்குள் போனது, அதிலிருந்து எல்லாம் பெருகியது. படமாக எடுத்தால் பிரமாதமாக இருக்கும். புயல் ஒரு பங்கு சேர்த்திருக்கலாம். ஆனால் எவர்கிளேட்ஸில் முதல் பர்மிய மலைப்பாம்பு பதிவானது 1979இல். பெண் பாம்பு எத்தனை வயதில் முட்டையிடும், எத்தனை குட்டி தேறும் என்றெல்லாம் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், 1980களிலேயே அங்கே ஒரு சிறு கூட்டம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். புயல்கதை ஏன் இன்னும் சொல்லப்படுகிறது என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. புயல் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. தலையணை உறைக்காரர்கள் எல்லாம் அந்தக் காற்றில் காணாமல் போய்விடுகிறார்கள்.

1979இல் ஒன்று. அப்புறம் அங்கொன்று, இங்கொன்று. ஒவ்வொன்றையும் பார்த்தவர்கள் 'யாரோ விட்டிருக்கிறார்கள்' என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அது உண்மையாகக்கூட இருந்திருக்கும். பூங்காவின் தென்கோடியில் 1990களின் நடுவில் சிறிதும் பெரிதுமாகப் பல அளவில் பாம்புகள் கிடைக்க ஆரம்பித்தன. விட்டது என்றால் பெரும்பாலும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். பல அளவில் இருந்தால் அங்கேயே பிறக்கிறது என்று அர்த்தம். அங்கே இது இனப்பெருக்கம் செய்து வாழ்கிறது என்று விஞ்ஞானிகள் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2000இல். 21 வருடம். அந்த 21 வருடத்தில் எப்போதோ, எந்தப் புதருக்குள்ளோ, விடப்பட்ட ஒரு பெண்ணும் விடப்பட்ட ஒரு ஆணும் சந்தித்திருக்கின்றன. அந்த இரவு எது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு யாரும் அதைச் செய்தியாக்கியிருக்கமாட்டார்கள்.

பெண் மலைப்பாம்பு ஒரு ஈட்டில் 50, சில சமயம் 100 முட்டைகூட இடும். இட்டுவிட்டுப் போகாது. முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, சாப்பிடாமல், உடம்பைத் துடிதுடிக்கச் செய்து சூடு உண்டாக்கி இரண்டு மாதம் அடைகாக்கும். குளிர்ந்த ரத்தப் பிராணி என்று நாம் பாடத்தில் படித்த ஒரு உயிர் நடுங்கி நடுங்கித் தன் பிள்ளைகளுக்கு வெதுவெதுப்புக் கொடுக்கிறது. எனக்கு மலைப்பாம்பு பிடிக்கும். இந்தக் கட்டுரையில் எங்கேயும் அதை வில்லனாக்குகிற எண்ணம் இல்லை. அது எங்கே இருந்தாலும் மலைப்பாம்பாகத்தான் இருக்கும்.

2005இல் ஒரு புகைப்படம் உலகம் சுற்றியது. ஆறடி முதலையை விழுங்கி வயிறு வெடித்துச் செத்த 13 அடிப் பாம்பு. அதற்கப்புறம்தான் பொதுமக்கள் கவனித்தார்கள். உண்மையான சேதம் அப்படிப் புகைப்படம் எடுக்கக்கூடியதாக இல்லை. 2012இல் வந்த ஆய்வு ஒன்று ரொம்பச் சாதாரணமான வேலையைச் செய்தது: இரவில் பூங்காச் சாலைகளில் வண்டி ஓட்டிக்கொண்டு போய், தென்படுகிற பாலூட்டிகளை எண்ணுவது. 1990களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். ரக்கூன் கண்ணில் படுவது 99.3 சதவீதம் குறைந்திருந்தது. ஒபோசம் 98.9 சதவீதம். பாப்கேட் என்கிற காட்டுப்பூனை 87.5 சதவீதம். முயலும் நரியும் ஒன்றுகூட இல்லை. பாம்புதான் காரணமா என்று சந்தேகப்பட்டவர்களுக்காக இன்னொரு குழு, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய சதுப்பு முயல்களைப் பூங்காவுக்குள் கொண்டுபோய் விட்டது. ஒரு வருடத்துக்குள் செத்த முயல்களில் 77 சதவீதம் மலைப்பாம்பின் வயிற்றுக்குப் போயிருந்தன. கீ லார்கோவிலும் அப்படித்தான் தெரியவந்தது. அங்கே மட்டும் வாழ்கிற ஒரு அரிய எலிக்கு ரேடியோ கட்டிவிட்டு சிக்னலைத் தேடிப் போனவர்கள் 2007இல் ஒரு பாம்பின் முன்னால் போய் நின்றார்கள். சிக்னல் பாம்புக்குள்ளிருந்து வந்தது.

குளிர் வந்தால் செத்துவிடும் என்று நம்பிக்கை இருந்தது. 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவுக்கு வராத குளிர் வந்தது. ரேடியோ பொருத்திய 10 பாம்புகளில் 9 செத்தன. ஆனாலும் தாக்குப்பிடித்தவை இருந்தன. பெருக அவையே போதுமானதாக இருந்தது. 2012இல் அமெரிக்க அரசு இறக்குமதியைத் தடை செய்தது. கதவு பூட்டப்பட்டபோது வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2018இல் வந்த மரபணு ஆய்வு ஒன்றில் எனக்குத் தனியாக ஒரு அக்கறை. ஃப்ளோரிடாவில் பிடிபட்ட சுமார் 400 பாம்புகளைப் பரிசோதித்ததில் 13இல் இந்திய மலைப்பாம்பின் மரபணுத் தடயம் இருந்தது. நம்ம மலைப்பாம்பு. ஆற்காட்டுப் பக்கம் பாறை இடுக்கில் வெயில் காய்கிற அதே இனம். இது எங்கே கலந்தது என்று உறுதியில்லை, ஏதாவது வளர்ப்புக் கூண்டிலேயே கலந்திருக்கலாம். மாசியும் வடிவேலும் அங்கே பிடித்ததில் அப்படி ஏதாவது தூரத்துச் சொந்தம் இருந்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன்.

அவர்கள் இருவரைப் பற்றியும் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது வடநெம்மேலி. ஈசிஆரில் மகாபலிபுரம் போகிற வழியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முன் இருளர்கள் பாம்புத்தோல் வியாபாரத்துக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் பிழைப்பும் நின்றது. ராமுலஸ் விட்டேக்கரும் அவர்களும் சேர்ந்து கண்டுபிடித்த வழிதான் இந்தச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடிப்பார்கள், விஷம் எடுப்பார்கள், திரும்பக் காட்டில் விடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் இந்த நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பங்கு தயாராகிறது.

திரும்ப விடுவது அவர்கள் தொழிலின் பாதி. ஃப்ளோரிடாவில் பிடித்த பாம்பைத் திரும்ப விட முடியாது. ஆராய்ச்சிக்காக ரேடியோ பொருத்தி விடுகிற சில ஆண் பாம்புகள் தவிர, பிடிபட்டதெல்லாம் கொல்லப்படும். வேறு வழியும் இல்லை. நாற்பது வருடமாகப் பாம்பை விட்டுப் பழகிய கைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? எந்தப் பேட்டியாளரும் அதைக் கேட்டதாக நான் பார்க்கவில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. இருளர் காட்டில் விடுவதும் விடுதல்தான், தலையணை உறைக்காரன் கரையில் விட்டதும் விடுதல்தான். ஒன்று எடுத்த இடத்தில் வைப்பது. இன்னொன்று கைகழுவுவது.

போன வருடம் என் நண்பன் ஒருவன் இந்தச் சொல்லோடு வந்தான்.

"மச்சி, ஒன்னே ஒன்னுதானேடா. பள்ளிக்கரணைப் பக்கம் எங்கயாச்சும் விட்டுட்டா அதுபாட்டுக்குப் பொழச்சுக்காதா?"

அவன் வளர்ப்பது பால் பைதான். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். மேற்கு ஆப்பிரிக்கா, கானா, டோகோ பக்கத்துப் பாம்பு. நாலைந்து அடிக்கு மேல் போகாது. உலகம் முழுக்க வளர்ப்புச் சந்தையில் அதிகம் விற்கிற பாம்புகளில் ஒன்று. இந்தியாவில் உள்ளூர்ப் பாம்பு ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் சட்டப்படி குற்றம்; வெளிநாட்டுப் பாம்புக்கு ரொம்ப நாள் அப்படி எதுவும் இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் எல்லாம் வந்தது. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிற பெட்டிகளில் பாம்புகள் பிடிபடுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. 2023 ஏப்ரலில் ஒரே பயணியின் பெட்டியில் 22 இருந்தன. பிடிபட்டது மட்டும்தான் செய்தியாகும்.

நண்பனுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பாம்புக்குக் கிடைக்கவில்லை.

எனக்குப் பாம்புக் கிறுக்கு உண்டு என்பதால் என்னிடம் வந்தான். ஃப்ளோரிடாக் கதையைச் சொன்னேன். "அது அனகோண்டா சைஸ்டா, இது பாரு, பெல்ட் மாதிரி இருக்கு" என்றான். அப்போதுதான் கிரான் கனாரியாவைப் பற்றிச் சொன்னேன். ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே இருக்கிற ஸ்பெயின் தீவு. அங்கே இயல்பாகப் பாம்பே கிடையாது. 1998இல் ஒரு கலிஃபோர்னிய ராஜநாகம்... இல்லை, கிங்ஸ்னேக், அதற்கும் நம்ம ராஜநாகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. விஷமில்லாத, மூன்று நான்கு அடிப் பாம்பு. பலவற்றுக்கு நிறமே இல்லை, வெள்ளைவெளேரென்று இருக்கும். காட்டில் அப்படி நிறமற்ற பாம்பு அபூர்வம். கடைக்காக வளர்த்து எடுத்த நிறம் அது. யார் வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு உடம்பிலேயே சாட்சி. பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கும், அதனால் பிடிப்பது கடினம். தீவுக்கே உரிய பெரிய பல்லி ஒன்று இருக்கிறது. பாம்பு என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த இனம், பயப்படத் தெரியாது. 2021இல் வந்த ஆய்வில், பாம்பு நுழைந்த இடங்களில் அந்தப் பல்லி 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

"சரிடா, ஆனா என்கிட்ட இருக்கிறது ஒன்னுதானே? ஜோடி வேணாமா?"

நியாயமான கேள்வி. ஒன்றை விட்டால் ஒரு இனம் குடியேறிவிடாது. உண்மையைச் சொன்னால், அவன் பாம்பு பள்ளிக்கரணையில் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. தட்டில் செத்த எலி வைத்தால் சாப்பிட்டுப் பழகியது. கீரி இருக்கிறது, தெருநாய் இருக்கிறது, ரேடியல் ரோடு இருக்கிறது, பாம்பு என்று எதைப் பார்த்தாலும் கட்டை எடுக்கிற நாம் இருக்கிறோம். ஆனால் மயாமியில் விடப்பட்டவற்றிலும் அநேகம் அப்படித்தான் செத்திருக்கும். சாகாதவைதான் கணக்கில் வந்தன. அதோடு 'ஒன்னுதான்' என்று அவனைப் போல வேளச்சேரியில் ஒருவன், அண்ணா நகரில் ஒருவன் நினைத்துக்கொண்டிருப்பான். ஒருவருக்கொருவர் தெரியாது. பாம்புக்கும் அது தெரிய வேண்டியதில்லை. ஜோடி விஷயத்திலும் அவனுக்கு ஒன்று சொன்னேன். 2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில், 60 வயதைத் தாண்டிய ஒரு பெண் பால் பைதான் 15 வருடத்துக்கு மேலாக ஆண் பாம்பு பக்கத்திலேயே இல்லாமல் ஏழு முட்டை இட்டது. எப்போதும் நடக்கிற காரியம் இல்லை. நடக்கவே நடக்காத காரியமும் இல்லை.

வேறு வழி தேடினோம். 2020இல் மத்திய அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது: வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தானாக அறிவித்துவிட்டால் ஆவணம் கேட்கப்படாது என்று. அப்போது இவன் காலேஜில் இருந்தான், பாம்பு இன்னும் வரவில்லை. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2024 விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இவன் வாங்கியது இன்ஸ்டாகிராமில் ஒருவனிடம், கைக்கு கை காசு, ரசீது கிடையாது. நாங்கள் ஒப்படைக்கக் கேட்ட இடங்களில் முதல் கேள்வியே "பேப்பர் இருக்கா?" என்பதுதான். இல்லை என்றதும் குரல் மாறிவிடும். இவன் முகமும் மாறிவிடும். ஃப்ளோரிடாவில் 2006 முதல் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வேண்டாத வெளிநாட்டுப் பிராணியைக் கொண்டுவந்து கொடுக்கலாம், அபராதமில்லை, தகுதியுள்ள வேறொருவருக்குத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் கைமீறின பிறகுதான் அவர்களுக்கே அது தோன்றியது. நமக்குச் சட்டம் முதலில் வந்திருக்கிறது. சட்டம் தேவைதான். ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் இருப்பவனுக்கு ராத்திரி நேரத்து ஏரிக்கரைதான் எல்லாக் கவுன்டரையும்விடச் சுலபமாகத் தெரியும்.

கடைசியில் அவன் அம்மா அதை வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் அந்த அறைக்குள்ளேயே நுழையாதவர். பதிவுக்கான வேலையை ஒரு வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் முடிந்தபாடில்லை. ஃப்ரீஸரில் ஐஸ் தட்டுக்குக் கீழே, மூன்று பிளாஸ்டிக் பை சுற்றி, எலி இருக்கிறது. செவ்வாய், வெள்ளி அந்தப் பக்கம் கை வைக்கமாட்டார். பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை என்று மேலே அம்மிக்குழவியை வைத்திருந்தார். மலைப்பாம்பு தசையால் ஆனது, குழவியெல்லாம் தள்ளிவிடும் என்று சொல்லி, போன வாரம் கொக்கி வாங்கிப் போய் மாட்டிக்கொடுத்தேன். ஸ்க்ரூ முடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எவ்ளோ நாள்ப்பா இருக்கும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா முப்பது வருஷம் இருக்கும்மா."

அவருக்கு ஐம்பத்தெட்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அந்தக் கொக்கிக்கு ஒரு சின்னப் பூட்டும் போட முடியுமா என்று கேட்டார்.